கட்டமும் அம்பும்: படை அமைப்பின் செயல்களையும் தரவுகளையும் வரைய வருவோருக்கு

திரும்பி வராத மீன்பிடிப் படகு பற்றிய படிவத்தில் 'இடம்: மண்டபம்' என்று எழுதியிருக்கிறது. வடக்குக் கரையா, தெற்குக் கரையா? வடக்கு என்றால் பாக் விரிகுடா, தெற்கு என்றால் மன்னார் வளைகுடா. ஊருக்குள் இருப்பவர் நடந்தே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடுவார். வல்லமும் விசைப்படகும் பாம்பன் கால்வாய் வழியே கடந்துவிடும். ஆழம் தேவைப்படும் பெரிய கப்பலுக்கு அந்த வழி கிடையாது. ராமர் பாலத்து மணல் திட்டுகளைத் தாண்ட முடியாமல் அது இலங்கையையே சுற்றி வர வேண்டும். படிவத்தை நிரப்பியவர் உள்ளூர்க்காரர், அவருக்கு இதில் ஐயமே எழாது. சென்னையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு எழுந்தாக வேண்டும். எழாவிட்டால் கப்பல் தவறான கடலில் நிற்கும்.

பெரிய படை அமைப்பின் செயல்களையும் தரவுகளையும் மாதிரியாக வரையும் வேலை இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் இருக்கிறது. யார் என்ன செய்கிறார், அதற்கு எதைப் பெறுகிறார், எதை அடுத்தவரிடம் தருகிறார் என்பது செயல் மாதிரி. பெறுவதும் தருவதுமான அந்தச் செய்திகள் எந்தெந்தப் பொருளைப் பற்றியவை, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது தரவு மாதிரி. இரண்டையும் தனித்தனிக் குழுக்கள் தனித்தனி அறைகளில் வரைந்தால் இரண்டுமே வீண். செயல் படத்தில் அம்பின் மேல் எழுதும் பெயர்ச்சொல்லும் தரவுப் படத்தில் கட்டத்துக்குள் எழுதும் பெயர்ச்சொல்லும் ஒரே சொல்லாக, ஒரே பொருளில் இருக்க வேண்டும். வேலையின் முக்கால் பங்கு அதை உறுதி செய்வதில்தான் போகும். படம் வரைவது எளிது.

இங்கே எடுத்துக்காட்டாக ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம்: ராமநாதபுரம் கடலில் திரும்பி வராத மீன்பிடிப் படகைத் தேடி மீட்பது. சிறிய காரியம் போலத் தெரியும். ஆனால் இதில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கடலோரக் காவல்படை வரும், உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமான தளத்தை வைத்திருக்கும் கடற்படை வரும், மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வரும், மீன்வளத்துறை வரும். நான்கு பதிவேடுகள், நான்கு மொழிவழக்குகள். பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வரையும் முறைகள் எங்கிருந்து வந்தன

செயல்களுக்கு ஐடெஃப்-0, தரவுகளுக்கு ஐடெஃப்-1எக்ஸ் என்ற முறைகளைக் கற்றுக்கொண்டால் போதும். முதலாவது, டக்ளஸ் ராஸ் உருவாக்கிய கட்டமைப்புப் பகுப்பாய்வு முறையிலிருந்து அமெரிக்க விமானப்படையின் உற்பத்தித் திட்டம் ஒன்றுக்காக எடுக்கப்பட்டு 1981-இல் வெளியானது. 1993 டிசம்பரில் இரண்டும் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தகவல் செயலாக்கத் தரங்கள் 183, 184 ஆயின. 2008-இல் அந்தத் தரங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதைக் கேட்டு முறையே செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2012-இல் பன்னாட்டுத் தரம் 31320-இன் இரு பகுதிகளாக அவை மீண்டும் வந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2003-இல் வெளியிட்டு 2009-இல் இரண்டாம் பதிப்பாக மாற்றிய டோடாஃப் என்ற கட்டமைப்பில் செயல் படத்துக்கு ஓவி-5 என்று பெயர்; கருத்து நிலை, தர்க்க நிலை, பௌதிக நிலைத் தரவுப் படங்களுக்கு டிஐவி-1, 2, 3 என்று பெயர். சொற்களின் விளக்கம் அடங்கிய அகராதிக்கு ஏவி-2. எந்தப் பெயரில் கேட்டாலும் கேட்பது இந்தக் கட்டமும் அம்பும்தான்.

படி 1: நோக்கமும் பார்வையும்

முதல் தாளில் படம் வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும். ஒன்று நோக்கம்: இந்த மாதிரி எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்? 'தேடிமீட்டல் பணியை விளக்குதல்' என்பது நோக்கம் ஆகாது. 'முதல் தகவல் வந்ததிலிருந்து முதல் கலம் புறப்படும் வரை எந்தெந்தத் தகவல் எத்தனை முறை கைமாறுகிறது, எங்கே திரும்பத் தட்டச்சு ஆகிறது என்று காட்டுதல்' என்பது நோக்கம். இப்படி எழுதினால்தான் எங்கே நிறுத்துவது என்று பின்னால் தெரியும்.

மற்றொன்று பார்வை: யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? ஒரே ஒருவருடையதாக இருக்க வேண்டும். கரை நிலையத்தில் காவல்பணியில் இருக்கும் அலுவலரின் பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானிக்குப் 'பறப்புத் திட்டம் போடுதல்' பெரிய வேலை. இந்த அலுவலருக்கு அது 'விமானம் கேட்டல்' என்ற ஒரு வரி. பார்வையை எழுதி வைக்காமல் தொடங்கினால் ஒவ்வொரு கூட்டத்திலும் யார் மூத்தவரோ அவர் பார்வைக்குப் படம் சாயும். நான்காம் கூட்டத்தில் படம் யாருக்கும் புரியாது.

படி 2: கேட்பது

நிலையத்துக்குப் போய் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால் நிலையாணைப் புத்தகத்தில் உள்ளது பதிலாக வரும். 'கடைசியாக ஒரு படகு வரவில்லை என்று போன் வந்ததே, அப்போது முதலில் எந்த நோட்டை எடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகும். அந்த நோட்டுத்தான் உங்களுக்கு வேண்டியது.

வெற்றுப் படிவம் ஒன்று, நிரப்பிய படிவம் குறைந்தது மூன்று என்று சேகரியுங்கள். நிரப்பியதில் எந்தக் கட்டம் எப்போதும் காலியாக இருக்கிறது, எந்த விவரம் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காலிக் கட்டம் யாருக்கும் வேண்டாத தரவு. ஓரக் குறிப்பு, படிவம் போட்டவர் மறந்த தரவு. மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் சேர்ந்து இருக்கும்போது எடுத்த குறிப்பை மட்டும் நம்பி வரையாதீர்கள். சீருடை உள்ள இடத்தில் தரவரிசைக்கு முன்னால் உண்மை கொஞ்சம் விறைப்பாக நிற்கும். தனித்தனியாக மறுபடி கேளுங்கள்.

இப்போது நடப்பதை முதலில் வரையுங்கள். நடக்க வேண்டியதை அப்புறம் வேறு தாளில் வரையலாம். இரண்டையும் ஒரே படத்தில் கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

படி 3: முதல் கட்டம்

ஒரே ஒரு கட்டம். அதற்குள் 'கடலில் ஆபத்தில் உள்ளோரைத் தேடி மீட்டல்'. இந்தத் தாளுக்கு ஏ-0 என்று பெயர். கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அம்புகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொருள். இடப்பக்கம் நுழைவது உள்ளீடு. செயல் அதை மாற்றும் அல்லது செலவழிக்கும். மேலிருந்து வருவது கட்டுப்பாடு. அது செயலை வழிநடத்தும், தான் மாறாது. வலப்பக்கம் வெளியேறுவது வெளியீடு. கீழிருந்து வருவது செய்கருவி, அதாவது செயலைச் செய்யும் ஆளும் கலமும். எந்தக் கட்டத்துக்கும் ஒரு கட்டுப்பாடாவது, ஒரு வெளியீடாவது இருந்தே ஆக வேண்டும். உள்ளீடு இல்லாமல் இருக்கலாம்.

புதியவர்கள் தடுமாறுவது உள்ளீட்டுக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையில். வானிலை அறிக்கை எது? வந்து சேருகிற தகவல்தானே என்று இடப்பக்கம் போட்டுவிடுவார்கள். தேடல் முடிந்த பிறகு அந்த அறிக்கை மாறியிருக்கிறதா? இல்லை. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அது சொன்னது, அவ்வளவுதான். ஆகவே மேல் பக்கம். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடும் மேல் பக்கம். எரிபொருள் தீர்ந்துபோகிறது, எனவே இடப்பக்கம். அதை எரிக்கும் ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் மிதந்து ஓடும் கலம்) கீழ்ப்பக்கம். 'படகு வரவில்லை' என்ற தொலைபேசித் தகவல் இடப்பக்கம். அது சரிபார்க்கப்பட்டு, சம்பவமாக மாறி வெளியே வருகிறது. முடிவு செய்ய முடியாவிட்டால் கட்டுப்பாடாக வையுங்கள். எல்லாவற்றையும் இடப்பக்கம் குவித்த படத்தைப் பார்த்து, யார் ஆணைப்படி எது நடக்கிறது என்று சொல்ல முடியாது. படை அமைப்பில் கேட்கப்படும் முதல் கேள்வியே அதுதான்.

கீழ்ப்பக்கம் இன்னொன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: சக மீனவர் படகுகள். படகு வரவில்லை என்றால் பக்கத்துப் படகுக்காரர்களே தேடக் கிளம்புவது இந்தக் கரையில் வழக்கம். அமைப்பு வரைபடத்தில் அவர்கள் இல்லை என்பதால் மாதிரியிலும் இல்லாமல் போகிறார்கள். கடலில் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த பகுதியை மறுபடி தேடுவதற்கு ஒரு விமானம் போகும்.

படி 4: பிரித்தல்

அடுத்த தாள் ஏ0. இதில் 3 முதல் 6 கட்டங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறுக்கு மேல் போனால் பார்ப்பவர் கண் அலைகிறது. மூன்றுக்குக் குறைந்தால் பிரித்ததில் பயன் இல்லை. தேடிமீட்டலுக்கான பன்னாட்டுக் கையேடு பணியை ஐந்து படிநிலைகளாகச் சொல்கிறது: அறிதல், முதல் நடவடிக்கை, திட்டமிடல், செயற்பாடு, முடித்தல். ஐந்து கட்டம் தயாராகக் கிடைத்துவிட்டதே என்று தோன்றும். தொடங்குவதற்கு நல்லதுதான், ஒரு கண்ணியும் இருக்கிறது. கையேடு சொல்வது காலவரிசை. இந்தப் படம் காலவரிசையைக் காட்டுவதே இல்லை. இடமிருந்து வலமாக அம்பு போனால் 'அப்புறம் இது' என்று பொருள் அல்ல, 'இதற்கு அது தேவை' என்று பொருள். 'தேடலை நடத்துதல்' கட்டத்தின் வெளியீடான 'தேடி முடித்த பகுதி' திரும்பி வந்து 'தேடலைத் திட்டமிடுதல்' கட்டத்துக்குள் நுழைய வேண்டும். திரும்பி வரும் அம்பு ஒன்றுகூட இல்லாத ஏ0 தாளைப் பார்த்தால், வரைந்தவர் நடைமுறைக் குறிப்பைக் கட்டம் போட்டு நகல் எடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

கட்டத்துக்குள் வினைதான் வர வேண்டும்: 'தகவலைச் சரிபார்த்தல்', 'தேடல் பகுதியைக் கணித்தல்'. 'மண்டபம் நிலையம்', 'விமானப் பிரிவு' என்று அலகுகளின் பெயர் வந்தால் அது நிர்வாக வரைபடம். காரணம் எளியது. அலகுகள் பெயர் மாறும், இடம் மாறும், ஒன்றோடொன்று சேரும். உச்சிப்புளியில் இருந்த கடற்படையின் வான்பிரிவு 2009-இல் ஐ.என்.எஸ். பருந்து ஆனது. 'கடலை வான்வழிக் கண்காணித்தல்' என்று கட்டம் போட்டிருந்தால் கீழே உள்ள அம்பின் பெயரை மாற்றினால் முடிந்தது. அலகின் பெயரில் கட்டம் போட்டிருந்தால் அதற்குக் கீழே உள்ள தாள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை அடுக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ-0 ஒரு தாள், ஏ0 ஒரு தாள். அதில் 6 கட்டம் இருந்து ஒவ்வொன்றையும் பிரித்தால் 6 தாள், அவற்றில் 36 கட்டம். அவற்றையும் பிரித்தால் மேலும் 36 தாள். மொத்தம் 44 தாள், அடியில் 216 கட்டம். ஒரே ஒரு காரியத்துக்கு! முழுப் படைக்கும் இப்படிப் போட்டால் அலமாரி நிறையும், யாரும் திறக்க மாட்டார்கள். எல்லாக் கட்டத்தையும் ஒரே ஆழத்துக்குப் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோக்கத்தில் எழுதிய கேள்விக்கு விடை கிடைக்கும் கிளையை மட்டும் ஆழமாகப் போங்கள். ஒரு செயலை ஒரே ஆள் ஒரே அமர்வில் முடிக்கிறார், அதன் அம்பு ஒவ்வொன்றுக்கும் அகராதியில் ஒரு சொல் இருக்கிறது என்றால் அங்கேயே நின்றுவிடலாம்.

பிரிக்கும்போது சரிபார்க்க வேண்டியது ஒன்று: தாய்க் கட்டத்தைத் தொட்ட அம்புகள் எல்லாம் கீழ்த் தாளின் ஓரத்திலும் இருக்கின்றனவா? கீழே புதிதாக ஓர் அம்பு முளைத்திருந்தால் மேல் தாளிலும் அது சேர வேண்டும். 'எல்லாக் கட்டத்துக்கும் மின்சாரம் வேண்டுமே' என்பது மாதிரி விவரம் சொல்லாத அம்பை முனையில் சிறு அடைப்புக்குறி போட்டு மறைக்க முறை இடம் தருகிறது. அதைச் சோம்பேறித்தனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

படி 5: சொல்

இனிதான் உண்மையான வேலை. அம்புகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுங்கள். 'படகு' என்ற சொல்லை முதலில் எடுங்கள். மீன்வளத்துறைக்குப் படகு என்றால் பதிவெண் உள்ள ஒரு படகுக்கூடு: இந்தியா, தமிழ்நாடு, 10, விசைப்படகைக் குறிக்கும் எம்எம், பிறகு எண். ராடார் பார்ப்பவருக்கு அது திரையில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பதிவெண் இல்லை. மீனவர் குடும்பத்துக்குப் படகு என்றால் அதில் போன ஆட்கள். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து 'படகு கிடைத்துவிட்டது' என்றால் மூன்று பொருள். ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த வெறும் படகுக்கூடு கிடைத்ததும் தேடலை முடித்துவைக்க ஒரு கணினித் திட்டம் போதும், அது அப்படி எழுதப்பட்டிருந்தால்.

எனவே மூன்று சொல்லாகப் பிரியுங்கள். 'பதிவான படகு', 'கண்டறிந்த இலக்கு', 'ஆபத்தில் உள்ள நபர்'. விளக்கம் எழுதும் விதி: எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது. 'காணாமல் போன படகு என்பது காணப்படாத படகு' என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பதில்: 'கடலுக்குச் செல்ல அனுமதி டோக்கன் பெற்றுப் புறப்பட்டு, எதிர்பார்த்த திரும்பும் நேரம் கடந்தும் கரை சேராத, தொடர்பும் கிடைக்காத படகு'. இப்போது கேள்விகள் வரும். ராமேஸ்வரத்து விசைப்படகுக்கு டோக்கன் உண்டு, நாட்டுப்படகுக்கு? எதிர்பார்த்த நேரத்தை யார் சொல்கிறார்? இந்தக் கேள்விகளை வரவழைப்பதற்குத்தான் விளக்கமே. பன்னாட்டு நடைமுறையில் ஐயநிலை, எச்சரிக்கை நிலை, அபாய நிலை என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. 'காணாமல் போன' என்ற ஒற்றைச் சொல்லால் மூன்றையும் குழப்புவதைவிட அந்த நிலையைத் தனி விவரமாக வைப்பது மேல்.

அளவுகளும் சொற்களே. கீழே சொல்லும் நான்கும் இந்தக் கரையில் எந்த மாதிரியையும் கவிழ்க்கக்கூடியவை.

இடநிலை: கருவி 9 பாகை 17.30 கலை என்று காட்டுகிறது. எழுதுபவர் 9.1730 என்று பதிகிறார். சரியான பதின்மப் பாகை 9.2883. வித்தியாசம் ஏறத்தாழ 6.9 கடல் மைல், 12.8 கிலோமீட்டர். எந்த வடிவம் என்பதை நெடுவரிசையின் பெயரிலேயே எழுதுங்கள். அகராதியில் எங்கோ எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.

நேரம்: 12-ஆம் தேதி விடிகாலை 4 மணி நம் நேரம், உலகப் பொது நேரத்தில் 11-ஆம் தேதி 22.30. கப்பலின் நேரக்குறிப்பு ஒன்று, கரை நோட்டு ஒன்று என்றால் 'சம்பவ நாள்' என்ற விவரம் இரு வேறு நாளாகிவிடும். ஒன்றைத் தேர்ந்து சேமியுங்கள், திரையில் மற்றதைக் காட்டலாம்.

திசை: காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால் சொல்லப்படும். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து. நீரோட்டம் எங்கே போகிறதோ அந்தத் திசையால் சொல்லப்படும். காற்று 360 பாகை, நீரோட்டம் 180 பாகை என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எதிரெதிர் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் படகைத் தெற்கே தள்ளுகின்றன. 'திசை' என்று மட்டும் பெயர் வைத்த நெடுவரிசை தேடல் பகுதியைத் தலைகீழாக்கும். 'காற்று வரும் திசை', 'நீரோட்டம் செல்லும் திசை' என்று முழுதாக எழுதுங்கள்.

ஊர்: மண்டபம் போலவே பாம்பனிலும் வடக்கு, தெற்கு உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் வைத்து இறங்குதளத்தை அடையாளம் காண முடியாது. 'எந்தக் கடல்' என்ற விவரம் கட்டாயம்.

படி 6: தரவுப் படம்

அம்புப் பெயர்கள் தெளிந்துவிட்டால் தரவுப் படம் பாதி வரைந்தாயிற்று. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒருமையில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே திறவுகோல், அதாவது ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறியும் விவரம், கீழே மற்றவை. தன்னை அறிய வேறொன்றின் திறவுகோல் தேவைப்படும் பொருளுக்குக் கட்டத்தின் மூலைகளை வளைத்து வரைய வேண்டும், மற்றவற்றுக்குக் கூர் மூலை.

பதிவெண்ணைப் படகின் திறவுகோலாக்கலாமா? 'பதிவான படகு' கட்டத்துக்கு ஆக்கலாம். ஆனால் நள்ளிரவில் வரும் தொலைபேசியில் 'எங்கள் மாமா படகு, பச்சைக் கலர்' என்றுதான் சொல்வார்கள். திறவுகோல் காலியாக இருக்கக் கூடாது என்பது இந்த முறையின் விதி. பதிவெண் இல்லாமல் பதிய முடியாது என்று கணினி அடம் பிடித்தால் காவல்பணியாளர் 0000 என்று அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'தெரிவிக்கப்பட்ட படகு' என்று தனிக் கட்டம் போட்டு அதற்கு ஒரு வரிசை எண் கொடுங்கள். அதற்கும் 'பதிவான படகு'க்கும் இடையில் விருப்ப உறவு ஒன்று: விட்டுவிட்டுப் போகும் கோடு, 'பதிவான படகு' இருக்கும் தாய் முனையில் சிறு வைரக்குறி, 'தெரிவிக்கப்பட்ட படகு' இருக்கும் பிள்ளை முனையில் கரும்புள்ளி. அடையாளம் தெரிந்த பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

'தகவல்' வேறு, 'சம்பவம்' வேறு. கடலோரக் காவல்படையின் 1554-க்கு ஒருவர் அழைக்கிறார். அதே படகுக்காக இன்னொருவர் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கு அழைக்கிறார். இரண்டு தகவல், ஒரு சம்பவம். ஒரே கட்டமாக வைத்தால் இரண்டு படகு காணவில்லை என்று அறிக்கை போகும். ஒரு சம்பவத்துக்கு ஒன்று அல்லது பல தகவல் என்று உறவு எழுதி, கரும்புள்ளிக்கு அருகில் 'பி' என்று குறியுங்கள். எந்தச் சம்பவத்தோடும் சேராத தகவலும் இருக்கலாம். வீண் அழைப்பு அப்படித்தான்.

பலவும் பலவும் சேரும் உறவை அப்படியே விடக் கூடாது. ஒரு நபர் பல பயணம் போவார், ஒரு பயணத்தில் பல நபர். நடுவில் 'பயணப் பணியாளர்' என்று ஒரு கட்டம் வைத்தால் இரண்டு எளிய உறவாகப் பிரிந்துவிடும். அந்த நடுக்கட்டத்தில்தான் 'மீட்கப்பட்டார்', 'மீட்கப்படவில்லை' என்ற நிலை உட்காரும். நபர் கட்டத்தில் வைத்தால், போன ஆண்டு மீட்கப்பட்டவர் இந்த ஆண்டும் மீட்கப்பட்டவராகவே இருப்பார்.

கலங்களை வகை பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும்: பொதுவாகத் 'தேடல் கலம்', அதன் கீழே கப்பல், ஹோவர்கிராஃப்ட், விமானம். ஒவ்வொரு வகைக்கும் தனி விவரம் இருந்தால் மட்டும் பிரியுங்கள். கப்பலுக்கு மிதப்பாழம், அதாவது அது நீருக்குள் அமிழும் ஆழம், வேண்டும். பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் எதை அனுப்புவது என்று முடிவு செய்வதே அந்த எண்தான். மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே. வகைப்பிரிவு முழுமையானதா என்பதற்கு ஒரு குறி உண்டு: இரட்டைக் கோடு போட்டால் வேறு வகை கிடையாது, ஒற்றைக் கோடு போட்டால் இருக்கலாம். ஒற்றைக் கோடு போடுங்கள். மீனவர் படகை மறுபடி மறந்துவிடாதீர்கள்.

படி 7: இரண்டையும் பொருத்துதல்

பெரிய தாளில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் அடிமட்டச் செயல்கள், மேலே தரவுப் பொருள்கள். சந்திக்கும் இடத்தில் உருவாக்கு, படி, மாற்று, நீக்கு என்பதற்கு உ, ப, மா, நீ என்று எழுதுங்கள். பிறகு நெடுவரிசைகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

'உ' இல்லாத நெடுவரிசை: அந்தத் தரவை யாரும் உருவாக்கவில்லை. வெளியிலிருந்து வருகிறதா, அல்லது ஒரு செயலையே விட்டுவிட்டீர்களா? 'எதிர்பார்த்த திரும்பும் நேரம்' பெரும்பாலும் இங்கே மாட்டும். எல்லாரும் படிக்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை. இரண்டு 'உ' உள்ள நெடுவரிசை: இரண்டு அமைப்பும் தனித்தனியாகப் பதிகின்றன, ஒருநாள் மோதும். 'உ' இருந்து 'ப' இல்லாதது: யாரும் படிக்காத தரவை யாரோ தினமும் நிரப்பிக்கொண்டிருக்கிறார், அந்த வேலையை நிறுத்தலாம். 'நீ' எங்காவது இருந்தால் காரணம் கேளுங்கள். சம்பவம் முடிக்கப்படும், திருத்தப்படும், அழிக்கப்படக் கூடாது. எத்தனை கூட்டம் போட்டாலும் வெளியே வராத பிழைகள் இந்த அட்டவணையில் அரை மணி நேரத்தில் தெரியும். எங்களைக் கேட்டால், நேரம் மிகக் குறைவு என்றால் அழகான படத்தை விடுங்கள், இதைப் போடுங்கள்.

படி 8: மறைவு

ஒவ்வொரு விவரத்துக்கும் பாதுகாப்பு நிலை குறிக்க வேண்டும், கட்டத்துக்கு மொத்தமாக அல்ல. இதில் நுட்பமான இடம் சேர்க்கை. தேடல் கலத்தின் பெயர் வெளிப்படையானது, ஒருநாள் அது இருந்த இடமும் செய்தித்தாளில் வருவது. ஓராண்டு இடங்களை நேரத்தோடு சேர்த்து வைத்தால் அது ரோந்து முறையையே காட்டிவிடும். தனித்தனியாக ஒன்றுமில்லாதவை சேரும்போது இரகசியமாகும். ஆகவே இரண்டு தரவை இணைக்கும் உறவுக்கோட்டுக்கும் நிலை குறியுங்கள். பயிற்சிக்கு வரையும்போது உண்மையான ரோந்து நேரம், ஆள் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். அலகு 1, அலகு 2 என்று போட்டாலே பாடம் புரியும்.

படி 9: சுற்றுக்கு விடுதல்

மொத்த மாதிரியையும் ஒரே கட்டாகக் கொடுத்தால் 'பார்த்தேன், நன்று' என்று திரும்பி வரும். ஒரு தாய்த் தாள், அதன் கீழ்த் தாள்கள் இரண்டு மூன்று, அவற்றில் வரும் சொற்களின் விளக்கம், இவ்வளவுதான் ஒரு கட்டு. வாசிப்பவர் சிவப்பு மையில் எழுதட்டும். வரைந்தவர் ஒவ்வொரு குறிப்புக்கும் நீல மையில் பதில் எழுத வேண்டும்: ஏற்றேன், அல்லது ஏற்கவில்லை, காரணம் இது. வாய்ப்பேச்சில் தீர்த்துக்கொள்ளக் கூடாது. படையில் இட மாறுதல் அடிக்கடி வரும். இன்று தலையாட்டியவர் அடுத்த ஆண்டு வேறு துறைமுகத்தில் இருப்பார், அவர் இடத்துக்கு வந்தவர் அதே கேள்வியைக் கேட்பார்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் கணு எண் (எந்தக் கட்டத்தைப் பிரித்த தாள் என்று சொல்வது; ஏ3 என்றால் ஏ0 தாளின் மூன்றாம் கட்டம்), பதிப்பு எண், தேதி இருக்கட்டும். ஏ3-ஐத் திருத்தினால் ஏ31 முதல் ஏ36 வரை எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்து ஓர அம்புகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் பதிப்பு எண்ணை ஏற்ற வேண்டும். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம். குறுக்கே கோடு போட்டு, எந்தத் தாள் அதன் இடத்துக்கு வந்தது என்று எழுதி, அதே கோப்பில் பின்னால் வையுங்கள்.